கூண்டுக்குப் பின்னால் நடக்கும் வேலை

நகர உயிரியல் பூங்காவை விடுமுறை நாள் பொழுதுபோக்கிடமாக மட்டும் பார்க்கும் பலருக்கு, அங்கே பராமரிக்கப்படும் வம்சாவளிப் பதிவேடுகளைப் பற்றித் தெரிந்திருக்காது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து சந்ததி நலிந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் பதிவேடுகளைப் பார்த்தே ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்கு விலங்குகளை இணைசேர அனுப்புகிறார்கள்.

கலிபோர்னியக் காண்டார் என்னும் பிணந்தின்னிக் கழுகு இன்று வானில் பறப்பதற்கு இந்த உழைப்பே காரணம். 1987-இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்தபோது உலகில் மொத்தம் 27 காண்டார்களே எஞ்சியிருந்தன. முட்டையை எடுத்துவிட்டால் தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிடும் என்ற இயல்பைப் பயன்படுத்திக்கொண்டு, சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலஸ் பூங்காக்களின் பணியாளர்கள் பல குஞ்சுகளை அடைகாப்புக் கருவியில் பொரிக்கவைத்து, அவற்றுக்கு மனித முகம் பழகிவிடாதபடி, காண்டாரின் தலையைப் போலவே செய்த கைப்பொம்மையின் அலகால் இரையூட்டினார்கள். 1992 முதல் அவற்றைக் காட்டில் விடுவித்து வருகிறார்கள். ஆயினும் வேட்டைத் தோட்டாக்களின் ஈயம் கலந்த இரையைத் தின்று அவை இன்றும் மடிகின்றன. அதைப் பூங்காவால் மட்டும் தடுக்க முடியாது.

எல்லாப் பூங்காக்களும் இப்படி இயங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறுகிய கூண்டில் ஓயாமல் ஒரே தடத்தில் நடக்கும் சிறுத்தையைக் காட்டி, குழந்தைகளுக்கு இயற்கையைக் கற்பிப்பதாகச் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கும் நாம், இங்கே எந்த இனத்தைக் காக்கிறீர்கள் என்று நிர்வாகத்திடம் தாராளமாகக் கேட்கலாம்.