பழைய 32 பிட் நெட்புக்கில் டில்லோ, நெட்சர்ஃப் உலாவிகள்: செய்து பார்த்த அனுபவம்

பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு நெட்புக்கை (சிறிய மடிக்கணினியை), இணையத்தில் படிப்பதற்கென்று மட்டும் மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முயற்சியில் கடந்த மூன்று மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். அதில் இருப்பது 2008ஆம் ஆண்டில் வெளியான இன்டெல் ஆட்டம் என்270 செயலி: 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஒரே கரு, 32 பிட் மட்டும். ரேம் 1 ஜிபி. திரையின் அளவு 1024க்கு 600 புள்ளிகள். என் தேவையும் சிறியதுதான். மென்பொருள் கையேடுகளையும் நீண்ட கட்டுரைகளையும் படிக்க வேண்டும். அவற்றில் ஏறத்தாழப் பாதி தமிழில் இருப்பவை. இந்தக் கடைசிச் செய்திதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது என்பதை, தொடங்கியபோது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இயங்குதளமாக ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பை நிறுவினேன். அது டெபியன் 12 என்னும் லினக்ஸ் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டது. சிஸ்டம்டி என்னும் சேவை மேலாண்மை மென்பொருள் இல்லாமல் இயங்குவது. ஐஸ்டபிள்யூஎம் என்னும் சிறிய சாளர மேலாளருடன் வருவது. கணினியைத் தொடங்கிவிட்டு எதையும் திறக்காமல் பார்த்தபோது, நினைவகத்தில் ஏறத்தாழ 200 எம்பிதான் செலவாகியிருந்தது. ஆகவே உலாவிக்கென்று முக்கால் ஜிபி கையில் இருந்தது. அதில் ஃபயர்ஃபாக்ஸ் முதல் பக்கத்தைத் திறந்த உடனேயே 500 எம்பிக்கு மேல் எடுத்துக்கொண்டது. மூன்றாவது டேப்பைத் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. நினைவகம் போதாமல் ஸ்வாப்புக்கு, அதாவது வட்டில் ஒதுக்கிய மாற்று நினைவகத்துக்கு, போய்விட்டால், பழைய சுழலும் வட்டுள்ள கணினியில் சுட்டிகூட நகராது.

முதல் வாரத்தில் நான் செய்த தவறு, 'எடை குறைந்த உலாவி' என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் ஒரே வகையாக எண்ணியதுதான். சர்ஃப் என்ற உலாவியின் மூலநிரல் மிகச் சிறியது; நிறுவியபோது அதன் அளவைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அது பக்கத்தை வரையும் வேலையை வெப்கிட்ஜிடிகே என்னும் பெரிய எஞ்சினிடம் ஒப்படைக்கிறது. ஃபால்கனும் அப்படித்தான், அதற்குள் இருப்பது க்யூட்வெப்எஞ்சின், அதாவது குரோமியத்தின் எஞ்சின். இவற்றில் சாளரமும் பொத்தான்களும் இலேசானவை, ஆனால் சுமை முழுவதும் எஞ்சினில் இருப்பதால் அது அப்படியே நினைவகத்தில் வந்து இறங்குகிறது. பழைய கணினிக்கு உலாவி தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த உலாவிக்குச் சொந்த எஞ்சின் இருக்கிறதா என்பதே. அப்படிச் சலித்துப் பார்த்தால் வரைகலை உலாவிகளில் மிஞ்சுபவை மிகச் சில: டில்லோ, நெட்சர்ஃப், வரைகலை முறையில் இயங்கும் லிங்க்ஸ்2.

டில்லோவில் தொடங்கினேன். 1999 டிசம்பரில் ஹோர்கே அரெயானோ சிட் தொடங்கிய திட்டம் இது. சி, சி++ ஆகிய மொழிகளில் எழுதப்பட்டது. திரையில் வரைவதற்கு எஃப்எல்டிகே என்னும் சிறிய நிரலகத்தை (பிற நிரல்களுக்கு உதவும் ஆயத்த நிரல் தொகுப்பை) பயன்படுத்துகிறது. 2015இல் 3.0.5 பதிப்பு வந்த பிறகு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் புதிய வெளியீடே இல்லை. ரோட்ரிகோ அரியாஸ் மல்லோ என்பவர் அதைக் கையிலெடுத்து, 2024 மே மாதத்தில் 3.1.0 பதிப்பை வெளியிட்டார். டெபியன் 12இன் களஞ்சியத்தில் இருப்பது பழைய 3.0.5 என்பதால், நான் 3.1.0ஐ மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொண்டேன், அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றிக்கொண்டேன். எஃப்எல்டிகே 1.3, பாதுகாப்பான இணைப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல் ஆகியவற்றின் மேம்பாட்டுத் தொகுப்புகளும், படங்களுக்கான ஜேபெக், பிஎன்ஜி நிரலகங்களும் போதுமானவையாக இருந்தன. இவ்வளவு பழைய செயலியில் ஓர் உலாவியை முழுவதுமாகத் தொகுத்துவிட முடிகிறது என்பதே எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது. ஃபயர்ஃபாக்ஸை இந்தக் கணினியில் தொகுப்பதைப் பற்றி நினைத்தும் பார்க்க முடியாது.

டில்லோவின் வேகத்தைப் பார்த்தபோது கணினியின் வயதே மறந்துபோயிற்று. சொடுக்கிய உடனே சாளரம் வருகிறது. மிக நீண்ட கையேட்டுப் பக்கத்தைத் திறந்தபோதும் நினைவகச் செலவு 40 எம்பியைத் தாண்டவில்லை. உருட்டும்போது எங்கும் தடுமாற்றம் இல்லை. பக்கங்களோடு வரும் நிரல்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் டில்லோவில் அறவே இல்லாததும், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு பகுதியை மட்டுமே அது ஏற்பதும் இதற்குக் காரணங்கள். பக்கத்தின் ஓரத்தில் மிதக்கும் படங்களும் பெட்டிகளும் தம் இடத்தில் நிற்பதற்கான ஆதரவே 3.1.0இல்தான் வந்தது. குக்கிகளை அது இயல்பாகவே மறுத்துவிடுகிறது; எந்தத் தளத்துக்கு வேண்டுமோ அதை மட்டும் ஒரு சிறிய உரைக் கோப்பில் எழுதி அனுமதிக்க வேண்டும். என் திரையின் உயரம் 600 புள்ளிகள் மட்டுமே என்பதால், அமைப்புக் கோப்பில் மேற்பட்டையின் அளவைச் சிறியதாக்கி, எழுத்தின் அளவைச் சற்றே உயர்த்தினேன். சாளரத்தின் அடியில் ஒரு சிறு எண் தெரியும். அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல்லில் எத்தனை பிழைகள் உள்ளன என்பதை அது காட்டுகிறது. அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு, நானே எழுதி வைத்திருந்த சில பக்கங்களை எடுத்துத் திருத்தினேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் எச்டிடிபிஎஸ் தளங்கள் எல்லாமே ஒரே நேரத்தில் மறுத்துவிட்டன. தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் செல்லாது என்று டில்லோ ஒவ்வொரு தளத்துக்கும் எச்சரித்தது. நான் தொகுத்ததில்தான் தவறு என்று எண்ணி, ஓபன்எஸ்எஸ்எல்லையும் சான்றிதழ்த் தொகுப்பையும் மீண்டும் நிறுவி ஒரு மாலைப் பொழுதை இழந்தேன். பிறகு அதே தளத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தபோது, கணினியின் கடிகாரம் தவறாக இருக்கிறது என்று அது நேரடியாகச் சொல்லிவிட்டது. தாய்ப்பலகையிலிருந்த சிறு மின்கலம் தீர்ந்துபோய், மின்சாரத்தைத் துண்டித்த ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது. இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும் சேவையையும் நான் இயக்கி வைக்கவில்லை. சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், தொடக்க நாளுக்கு முந்தைய தேதியில் நிற்கும் கணினிக்கு எந்தச் சான்றிதழும் செல்லாததுதான். மின்கலத்தை மாற்றி, நேரத்தைச் சரிசெய்யும் குரோனி சேவையை நிறுவியதும் எல்லாத் தளங்களும் திறந்தன. பழைய கணினியில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு அடுத்த நாள்தான் டில்லோவில் முதல் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துரு இருந்தது, கட்டங்கள் எதுவும் வரவில்லை. ஆனால் படிக்க முடியவில்லை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நின்றன. 'கு', 'மு' போன்றவற்றில் உகரக் குறி எழுத்தோடு சேராமல் தனியாக விலகி நின்றது. 'கேள்வி' என்ற சொல்லைக் கண்டுபிடிக்கவே சில நொடிகள் ஆயின.

இதன் காரணத்தைத் தேடிப் புரிந்துகொண்டது, இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன். யூனிகோடில் தமிழ் ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது. 'கெ' என்று நாம் எழுதினால், முதலில் ககரமும் அடுத்து எகரக் குறியும் கோப்பில் பதிவாகின்றன. திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, ககரத்தின் இரு பக்கமும் வைக்க வேண்டும். இந்த வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரலகங்கள் செய்கின்றன. டில்லோ சார்ந்திருக்கும் எஃப்எல்டிகே 1.3, எக்ஸ் சாளர முறையில் எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்துவிடுகிறது. இடையில் வடிவமைப்பு எதுவும் நடப்பதில்லை. ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்குப் போதாது. யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் பயன்படுத்திய டிஸ்கி குறியாக்கம் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்தது. கொம்பு முன்னாலேயே பதிவாகியிருக்கும். அந்தக் காலத்துப் பக்கங்களுக்கு இப்படிப்பட்ட நிரலகம் தேவைப்படவில்லை என்பதை நினைத்தபோது, ஒலிப்பு வரிசைக்கு மாறியதால் தேடலிலும் அகரவரிசைப்படுத்தலிலும் நாம் பெற்ற வசதிக்கு இந்தக் கூடுதல் வேலைதான் விலை என்பது விளங்கியது.

டபிள்யூ3எம் என்னும் உரை உலாவியையும் இந்த நோக்கில் சோதித்தேன். எக்ஸ்டெர்ம் முனையத்தில் அதே குறைதான். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கட்டத்துக்குள் வைத்துக் காட்டும் முனையத்தில், இரு பக்கமும் பரவும் ஓர் எழுத்துக்கு இடமே இல்லை.

நெட்சர்ஃபுக்கு வந்தது இதன் பிறகுதான். 2002இல் ரிஸ்க் ஓஎஸ் என்னும் இயங்குதளத்துக்காகத் தொடங்கப்பட்ட உலாவி அது. எச்டிஎம்எல்லைப் படிக்கவும் சிஎஸ்எஸ்ஸைக் கையாளவும் தனக்கென்று தனி நிரலகங்களை எழுதி வைத்திருக்கிறது. ஒரே எஞ்சினுக்கு, லினக்ஸில் இயங்கும் ஜிடிகே, பிற இயங்குதளங்களான அமிகா, அட்டாரி, ஹைக்கூ என்று பல முகப்புகள் உண்டு. 2023 டிசம்பரில் வந்த 3.11 பதிப்பின் மூலநிரலை எடுத்து, ஜிடிகே3 முகப்பைத் தேர்ந்து தொகுத்தேன். டில்லோவைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. தேவையான நிரலகங்களின் பட்டியலும் நீண்டது.

முதலில் திறந்தது ஒரு தமிழ்ப் பக்கம். கொம்பு முன்னால் நின்றது. உகரங்கள் சேர்ந்து நின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வரிகள் தெளிவாக இருந்தன. ஜிடிகே முகப்பு எழுத்துகளை வரைய பாங்கோ நிரலகத்தைப் பயன்படுத்துகிறது, பாங்கோவோ ஹார்ஃப்பஸ்ஸை அழைக்கிறது. அந்த ஒரு சங்கிலிதான் வேறுபாடு. நினைவகச் செலவு பக்கத்தைப் பொறுத்து 70 முதல் 120 எம்பி வரை போனது. டில்லோவைப் போல இரண்டு மூன்று மடங்கு என்றாலும், தமிழைத் தமிழாகக் காட்டுவதற்கு அந்த வேறுபாட்டை நான் மனமுவந்து கொடுப்பேன். எடை குறைந்த உலாவிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் நினைவகத்தையும் திறக்கும் வேகத்தையும் மட்டுமே அளக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அவை இரண்டாம் கேள்விகள்தான். எழுத்து சரியாக வருமா என்பதே முதல் கேள்வி.

நெட்சர்ஃபின் குறைகளையும் சொல்ல வேண்டும். பக்கத்தின் பகுதிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் தளவமைப்புக்கு 3.11இல் ஆதரவு வந்திருக்கிறது. கட்டங்களாக அடுக்கும் கிரிட் தளவமைப்பு இல்லை. ஆகவே கிரிட்டை நம்பி அமைக்கப்பட்ட பக்கங்களில் பகுதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நீண்டு விழுகின்றன. படிப்பதற்கு அது பெரிய தடையன்று. பல பக்கங்களில் பட்டியைத் தாண்டி நேராகக் கட்டுரைக்குப் போய்விட முடிகிறது. அதில் டக்டேப் என்னும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் உண்டு, ஆனால் இன்றைய தளங்கள் எதிர்பார்ப்பதில் சிறு பகுதியைத்தான் அது நிறைவேற்றும். சில நாள் சோதித்துவிட்டு அதை நான் முடக்கிவிட்டேன். அதன் பிறகு பக்கங்கள் இன்னும் விரைவாகத் திறந்தன. நான் படிக்கும் தளங்களில் எதுவும் குறையவும் இல்லை.

உள்நுழைந்து செய்ய வேண்டிய வேலைகளுக்கு இவை இரண்டும் உதவாது என்பதால், ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நீக்காமல் வைத்திருக்கிறேன். அதற்காக ரேமை 2 ஜிபி ஆக்கி, அதில் பாதியை இசட்ரேம் என்னும், ரேமுக்குள்ளேயே தரவை அழுத்தி வைக்கும் ஸ்வாப்பாக ஒதுக்கினேன். செயலி மெதுவானது என்பதால், அழுத்தும் முறையில் கூடுதலாகச் சுருக்கும் இசட்எஸ்டிடியை விடுத்து, விரைவான எல்இசட்4ஐத் தேர்ந்தேன். உள்ளமைப்பில் பக்கங்களைத் தனித்தனியே இயக்கும் உள்ளடக்கச் செயல்முறைகளின் எண்ணிக்கையை 8இலிருந்து 1 ஆகக் குறைத்தேன்; தானாக ஓடும் காணொளிகளை நிறுத்தினேன்; யூபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பு நீட்சியில் ஜாவாஸ்கிரிப்டை எல்லாத் தளங்களுக்கும் மூடி, தேவையானவற்றுக்கு மட்டும் திறந்தேன். இவற்றில் மிகுந்த பயன் தந்தது கடைசியில் சொன்னதுதான். இந்தப் பழைய செயலியைத் திணறடிப்பது உலாவி மட்டுமன்று, பக்கங்களோடு இறங்கி வரும் நிரல்களும்தான். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஆயுள் குறைவு. லினக்ஸில் 32 பிட் கணினிகளுக்கான ஆதரவு ஃபயர்ஃபாக்ஸ் 144உடன் முடிவடைந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140க்குக் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மொசில்லா அறிவித்திருக்கிறது. அதன் பிறகு இந்த நெட்புக்கில் கடவுச்சொல் கேட்கும் எந்தத் தளத்தையும் திறப்பதாக இல்லை.

இப்போது நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. ஆங்கிலக் கையேடுகள் எல்லாம் டில்லோவில். படிக்கும்போது தமிழ்ப் பக்கத்துக்கு இணைப்பு வந்தால், வலச்சொடுக்கில் அதன் முகவரியை நகலெடுத்து, ஒரு விசைச் சேர்க்கையை அழுத்துகிறேன். நகலெடுத்ததைப் படித்துத் தரும் எக்ஸ்கிளிப் கொண்டு அந்த முகவரியை எடுத்து நெட்சர்ஃபுக்குக் கொடுக்கும் இரண்டு வரி ஷெல் நிரலை ஐஸ்டபிள்யூஎம்மின் விசைக் கோப்பில் இணைத்து வைத்திருக்கிறேன். நேற்றிரவு டில்லோவில் நான்கு டேப்புகளும் நெட்சர்ஃபில் இரண்டு தமிழ்க் கட்டுரைகளும் திறந்திருக்க, இரண்டு மணி நேரம் தொடர்ந்து படித்தேன். ஸ்வாப்பில் ஒரு எம்பிகூடச் செலவாகவில்லை.