முத்திரை குத்திய பிறகு

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தின் கடலோரக் கிராமங்களில் 1144 ஹெக்டேர் பரப்பில் அணுக்கனிம மணல் அள்ளும் திட்டத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யார் வாய் திறந்தாலும், பேசி முடிப்பதற்குள் அவருக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. எதிர்ப்பவர் வளர்ச்சி விரோதி, இன்னும் கொஞ்சம் உரத்துப் பேசினால் தேசவிரோதி. ஆதரித்து ஒரு வார்த்தை சொன்னவர் கார்ப்பரேட் கைக்கூலி.

இவற்றில் கடைசிப் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். மணல் எடுக்க முன்வந்திருக்கும் ஐ.ஆர்.இ.எல்., மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் பொதுத்துறை நிறுவனம். மணவாளக்குறிச்சியில் பல பத்தாண்டுகளாக அதற்கு ஆலை இருக்கிறது. தனியார் முதலாளிக்காகச் செய்து வைத்த வசையை அரசு நிறுவனத்தின் மீது வீசும்போது, அரசே செய்வதால் அது சரியாகிவிடுமா என்ற கேள்வி, மிக முக்கியமான கேள்வி, கேட்கப்படாமலே போகிறது. மறுபக்கமும் இதே கதைதான். தலைமுறை தலைமுறையாக அதே கரையில் வலை உலர்த்தும் மீனவர், கதிரியக்கத் தோரியம் அடங்கிய மோனசைட் கனிமத்தைப் பிரித்தெடுக்கும் இடத்தில் கதிர்வீச்சை யார் அளப்பார்கள், தோண்டிய குழியில் எதை நிரப்புவார்கள், கிணற்று நீர் என்னவாகும் என்று கேட்டால், அதற்குத் தேசவிரோதி என்பது எந்த வகையில் பதில்? உண்மையில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் ஒருவன் நாளை அகப்பட்டால், அவனைக் குறிக்க நம்மிடம் சொல் மிஞ்சியிருக்காது.

பெயரைத் தாண்டிச் செயலைப் பார்த்த நேரமும் இம்மண்ணின் வரலாற்றில் உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தின்போது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போது இப்பகுதி அடங்கியிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிஸ்ட் கட்சி. அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே, மக்களைச் சுட்ட தம் கட்சி அரசு பதவி விலக வேண்டும் என்றார். (எதிர்க்கட்சி சுட்டிருந்தால் இப்படிச் சொல்ல யாருக்கும் துணிவு தேவைப்பட்டிருக்காது.) கட்சி அவர் சொன்னதை ஏற்கவில்லை, உள்ளே பூசல் முற்றி, 1955 இறுதியில் அவர் தனிக்கட்சி கண்டார்.

லோகியாவின் அரசியல் முழுவதையும் நான் ஏற்பவனல்லன். ஆனால் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் அரசு எதைச் செய்யக் கூடாது என்பதற்கு அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. இன்று கைக்கூலி என்கிறவரிடம், யாரிடம், எதற்காக வாங்கிய கூலி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு வசைதான் வரும்.