ரயில் வராத ஊரின் பேப்பர்

சென்னையில் கிண்டிப் பக்கம் ஒரு டேட்டா கன்வர்ஷன் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அமெரிக்காவின் பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிமிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், ஓசிஆர் அந்தப் பக்கங்களைப் படித்து எழுத்தாக்கும், அது தப்பாகப் படித்த இடங்களை நாங்கள் திருத்த வேண்டும். முதலில் ஸோனிங், அதாவது பக்கத்தில் எது தலைப்பு, எது செய்தி, எது விளம்பரம் என்று கட்டம் போட்டுப் பிரிப்பது, அப்புறம் கரெக்‌ஷன், கடைசியில் க்யூசி, அதாவது தரச் சோதனை. பெரும்பாலும் நைட் ஷிஃப்ட்.

எனக்கு வந்து சேர்ந்தது கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதி. பெரிய நகரத்துப் பேப்பர் கிடைத்தவர்களுக்குக் கொலை வழக்கு, தேர்தல், கப்பல் விபத்து என்று படிக்க ஏதாவது இருக்கும். என் பக்கங்கள் எல்லாம் சில நூறு பேர் இருந்த ஊர்களின் வாரப் பேப்பர்கள், 1880களில் வந்தவை, பெரும்பாலும் நான்கே பக்கம். அந்த ஊர்களில் சிலவற்றை இன்றைய மேப்பில் தேடினால் வெறும் வயல்தான் தெரியும். ஆரம்பத்தில் சலிப்பாக இருந்தது. பிறகு அந்த ஊர்களை விட முடியாமல் போய்விட்டது, வேலையை விட்ட பிறகும்.

சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி, நேற்று திருத்திய தொடர்கதையே இன்றைக்கும் வந்து நின்றது. க்யூசியில் இருந்த அக்காவிடம் போய், "அக்கா, ஒரே பக்கத்த ரெண்டு தடவ அனுப்பியிருக்காங்க" என்றேன். அவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே இருந்த பேப்பர் பெயரைப் பார்க்கச் சொன்னார். வேறு வேறு ஊர். அன்றைக்குத்தான் ரெடி பிரின்ட் பற்றித் தெரிந்தது. கான்சாஸ் சிட்டி மாதிரி நகரங்களில் தாளின் ஒரு புறத்தில் மட்டும் வெளிநாட்டுச் செய்தி, கதை, மருந்து விளம்பரம் எல்லாம் அச்சடித்து ரயிலில் அனுப்புவார்கள். ஊர்க்காரர் அதை வாங்கி மறுபுறத்தில் தன் ஊர்ச் செய்தியை அச்சடித்துக்கொள்வார். ஒரு ஆளும் ஒரு கை அச்சு இயந்திரமும் இருந்தால் பேப்பர் நடத்திவிடலாம். நான்கு பக்கத்தில் இரண்டு பக்கம் எல்லா ஊருக்கும் பொது, இரண்டு மட்டும் சொந்தம். அதற்குப் பிறகு பொதுப் பக்கங்களை வேகமாக முடித்துவிட்டு, மிச்சம் பிடித்த நேரத்தைச் சொந்தப் பக்கங்களுக்குக் கொடுத்தேன்.

சொந்தப் பக்கத்தில் என்ன இருக்கும்? இரண்டு வரி, மூன்று வரிச் செய்திகள். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார், யார் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் கண்டது, யாருடைய மாடு காணாமல் போனது. மரமே இல்லாத சமவெளி என்பதால் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கித்தான் பலர் வீடு கட்டினார்கள், அந்தக் கூரை மழையில் ஒழுகிய கதையும் வரும். கட்டம் போடும்போது இவற்றை எல்லாம் சேர்த்து ஒரே கட்டமாகப் போட்டுவிட்டால் வேலை சுலபம். கிளையன்ட் தந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு குடியிருப்பு மழையைப் பார்த்து நின்றதா, கடனைப் பார்த்து நின்றதா என்பது அந்த இரண்டு வரிகளில்தான் இருந்தது. ஊர் சீக்கிரம் பெரிய நகரமாகிவிடும் என்று ஆசிரியர் எழுதும் தலையங்கத்தில் அது கிடைக்காது. அந்தத் தலையங்கம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எங்களுக்கு மிகவும் அலுத்த பகுதி நில அறிவிப்புகள். 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம், ஐந்து வருடம் அதில் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். பட்டா வாங்கும் முன், நிலத்துக்குப் பக்கத்தில் உள்ள பேப்பரில் வாரக்கணக்கில் அறிவிப்புக் கொடுத்து, "இவர் இங்கே குடியிருந்தார்" என்று சாட்சி சொல்லக்கூடிய நான்கு பேரின் பெயரையும் போட வேண்டும். குட்டி ஊர்களிலும் பேப்பர் பிழைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம், கட்டணம் கையில் காசாக வரும். அந்த அறிவிப்புகள் முடிந்ததும் பேப்பரும் முடிந்துபோன ஊர்கள் உண்டு. டைப் செய்யும் எங்களுக்கு அது ஒரே வார்ப்பு, எண்ணும் பெயரும் மட்டும் மாறும். சில மாதம் போன பிறகுதான் கவனித்தேன், இந்த வாரம் சாட்சியாக இருந்தவர் அடுத்த மாதம் மனுதாரராக வருகிறார், அவருக்கு இவர் சாட்சி. யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த அறிவிப்பு ஒன்றில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். வரியின் கடைசியில் சொல் உடைந்து சிறு கோடு வந்தால் கோட்டை நீக்கிச் சேர்த்து எழுத வேண்டும் என்பது விதி. நில அலுவலகம் இருந்த ஊரின் பெயர் வா-கீனி. வரிக் கடைசியில் "வா" என்று கோட்டோடு நின்று, அடுத்த வரியில் "கீனி" என்று வந்தது. சேர்த்து எழுதினேன். அந்த பேட்ச் முழுவதும் வந்த இடத்திலெல்லாம் அப்படியே செய்துவிட்டேன், வரியின் நடுவில் வந்த இடங்களிலும், ஓசிஆர்தான் கோட்டைத் தப்பாகப் போட்டிருக்கிறது என்று நினைத்து. மொத்தமும் ரீவொர்க்குக்குத் திரும்பி வந்தது. அக்கா திட்டவில்லை. படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, கீழே ஒரு கடை விளம்பரத்தில் வரியின் நட்டநடுவில் நின்ற அந்தக் கோட்டைக் காட்டினார். தேய்ந்த அச்செழுத்து, கோடு பாதி அழிந்து புள்ளி மாதிரித்தான் இருந்தது. "அவன் போட்டத போடு, நீ ஊருக்குப் பேர் வைக்காத" என்றார். ஊரை உருவாக்கிய வாரன், கீனி என்ற இரண்டு பேரின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. முதலாமவரின் முதல் எழுத்துகளும் இரண்டாமவரின் பெயரும் சேரும் இடம்தான் அந்தக் கோடு. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். அதன் பிறகு என் கண்ணுக்குச் சரியென்று பட்டதை நம்பி நான் எதையும் மாற்றியதில்லை.

நிகோடிமஸ் என் கைக்கு வந்தது மூன்றாம் வருடம். 1877இல் கென்டக்கியிலிருந்து, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வந்து உருவாக்கிய ஊர். துண்டுப் பிரசுரங்களை நம்பி வந்தார்கள். வில்லியானா ஹிக்மன் என்ற பெண் 1878இல் எல்லிஸ் என்ற ஊரில் ரயில் இறங்கி, கணவரோடும் கூட்டத்தோடும் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நிகோடிமஸ் எங்கே என்று கேட்டவருக்குக் கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார். மக்கள் பூமிக்குள் குழி தோண்டிக் குடியிருந்தார்கள். அந்த அம்மா அழுதுவிட்டார். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவு கொடுத்துத்தான் பலர் பிழைத்தார்கள். பத்து வருடத்துக்குள் அங்கே கடைகள், தேவாலயங்கள், பள்ளி, ஹோட்டல் எல்லாம் வந்துவிட்டன. அங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு பேப்பர்கூட வந்தது, 1886இல் வெஸ்டர்ன் சைக்ளோன், 1887இல் நிகோடிமஸ் என்டர்பிரைஸ்.

அப்புறம் ரயில். இந்தச் சமவெளியில் ஊர் பிழைப்பதும் சாவதும் அதில்தான் இருந்தது. பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் பர்லிங்டன் கம்பெனியின் ரயில் பாதை போன வழியில் கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட் என்று ஆங்கில அகரவரிசையிலேயே ஊர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கான்சாஸில் மாவட்டத் தலைமை எந்த ஊருக்கு என்பதற்கு லியோட்டி, கொரோனாடோ என்ற இரண்டு ஊர்கள் 1887இல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டன, தோற்ற கொரோனாடோ மறைந்தே போனது. நிகோடிமஸ் மக்கள் சண்டைக்குப் போகவில்லை, ரயில் கம்பெனியை இழுக்க 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஓட்டுப் போட்டார்கள். வரவில்லை. 1888இல் வேறொரு கம்பெனி சாலமன் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது, அங்கே முளைத்த போக் என்ற ஊருக்குக் கடைக்காரர்கள் போனார்கள். வெறும் ஏழெட்டு கிலோமீட்டர். பேப்பர்கள் அந்த வருடத்தோடு நின்றன.

எனக்கு முடிவு முன்பே தெரியும், ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் படித்திருந்தேன். தெரிந்துகொண்டே 1887இன் பக்கங்களைத் திருத்துவது கஷ்டமாக இருந்தது. ரயில் என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஓசிஆர் சரியாகப் படித்திருக்கிறதா என்று தேவைக்கு மேல் பார்த்தேன். எங்கள் சொந்தக்காரர்களில் பலருடைய பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும்தான். இங்கே மண்ணுக்குள் குடியிருந்தவர்கள் பத்தே வருடத்தில் தங்கள் பேப்பரில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு எழுத்தும் என்னால் தப்பாகப் போகக் கூடாது என்று இருந்தது.

இந்தப் பக்கங்கள் மிஞ்சியதற்குக் காரணமும் பத்திரிகைக்காரர்கள்தான். 1875இல் கான்சாஸ் பத்திரிகை ஆசிரியர்களே சேர்ந்து மாநில வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார்கள், அதனால் குட்டி ஊரின் பேப்பரும் தலைநகரில் சேர்ந்துகொண்டே இருந்தது. ஊர் போன பிறகும் காகிதம் இருந்தது, பிறகு ஃபிலிம், பிறகு எங்கள் மானிட்டர்.

நிகோடிமஸ் முழுவதும் போய்விடவில்லை. 1996இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கினார்கள், ஐந்து பழைய கட்டடங்கள் நிற்கின்றன. விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் குடியிருக்கிறார்கள், ஆனால் ஜூலைக் கடைசியில் வெளியூர்களில் இருக்கும் வம்சத்தார் கூடுகிறார்கள். சில ராத்திரி தூக்கம் வராவிட்டால் இப்போதும் சாட்டிலைட் மேப்பைத் திறந்து, சுண்ணாம்புக் கல்லில் கட்டிய அந்த டவுன்ஷிப் ஹாலில் தொடங்கி, ஆற்றைத் தாண்டி போக் வரைக்கும் விரலை நகர்த்துவேன். இன்னும் கீழே தென்மேற்கே போனால் வா-கீனி வரும். இப்போது எழுத்தில் அந்தக் கோடு இல்லை, கே மட்டும் பெயரின் நடுவில் பெரிய எழுத்தாக நிற்கிறது.