மாட்டுப் பொங்கலுக்குப் பிறகு: ஒரு கால்நடை மருத்துவரின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 16, வியாழன் இரவு

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து போன். "டாக்டரம்மா, மாடு படுத்துக்கிச்சு, எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க." ஜெர்சி கலப்பு, சுமார் 400 கிலோ. நேற்று பொங்கல் ஒரு வாளி, வாழைப்பழம் ஒரு தார், போதாதற்கு அக்கம்பக்கத்து மிச்சச் சோறும் வைத்திருக்கிறார்கள்.

கண் உள்ளே போயிருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வயிற்றில் அசைவே இல்லை. குழாய் விட்டதும் புளித்த நீர் வந்தது. புளிப்பைக் காட்டும் பி.எச். தாளில் 5, அமிலம் ஏறியிருந்தது. சோறு வயிற்றில் புளித்து லாக்டிக் அமிலமாகும்போது, உடம்பின் தண்ணீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். வயிறு தளும்ப, இரத்தம் வற்றும்.

உடல் எடையில் எட்டு சதவீதம் நீர் வற்றியிருக்கிறது என்று வைத்தாலும் 32 லிட்டர் திரவம் ஏற்ற வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் 64. என்னிடம் இருந்தது 14.

முடிந்தவரை புளித்ததை வெளியேற்றினேன். கழுத்து இரத்தக் குழாயில் 14 கேஜ் தடித்த ஊசி. பாட்டில்களை வெந்நீர் வாளியில் போட்டு வெதுவெதுப்பாக்கி, கொட்டகைச் சட்டத்தில் கட்டி வேகமாக இறக்கினோம். சொட்டுச் சொட்டாக விட்டால் விடிந்துவிடும். சோடா பைகார்பனேட்டை சலைனில் மட்டும்தான் கலந்தேன். ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு ஏற்றும் திரவத்தில் கால்சியம் இருப்பதால் அதில் கலந்தால் திரிந்துவிடும். கால்சியம் பாட்டிலைத் தனியாக, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொண்டு, மெதுவாக ஏற்றினேன். துடிப்பு தடுமாறினால் உடனே நிறுத்தியாக வேண்டும். அந்த நிமிடங்களில் கை நடுங்கக்கூடாதே என்பது மட்டும்தான் நினைப்பு.

மாட்டுக்கார அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "நாந்தாம்மா ஆசையா வச்சேன்." அவரிடம் என்ன சொல்வது? பாட்டிலைப் பிடிக்கச் சொன்னேன்.

17, வெள்ளி

விடியற்காலை ஐந்து மணிக்கு மாடு சிறுநீர் கழித்தது. அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது எனக்கு. நேற்று மாலையிலிருந்து ஒரு சொட்டுகூட விடவில்லை என்று அக்கா சொல்லியிருந்தார். சிறுநீரகம் வேலை செய்யும் அளவுக்கு இரத்தத்தில் நீர் ஏறிவிட்டது. டவுனிலிருந்து இன்னும் 16 பாட்டில் வந்தது, அதையும் ஏற்றினோம். மதியம், பக்கத்துத் தோட்டத்து நல்ல மாட்டின் வயிற்று நீரைக் குழாய் வழியாக எடுத்து, துணியில் வடிகட்டி இதற்கு ஊற்றினேன். நல்ல நுண்ணுயிர் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் எழுந்து நின்றது.

18, சனி

கழிச்சலோடு ஒரு கன்றுக்குட்டி, 35 கிலோ. இதற்கு மூன்று லிட்டருக்குள் போதும். ஆனால் நின்றுகொண்டு நன்றாகச் சப்புகிறது, அதனால் ஊசியே வேண்டாம். உப்புக் கரைசலை வாய்வழி கொடுக்கச் சொன்னேன், பாலையும் நிறுத்தக்கூடாது.

அதே தெருவில் ஒருவர், "என் மாட்டுக்கும் ஒரு சத்து பாட்டில் போடுங்க" என்றார். நன்றாகத் தின்று அசைபோடும் மாடு. மறுத்துவிட்டேன், கோபித்துக்கொண்டார். அரை லிட்டர் குளுக்கோஸில் 400 கிலோ மாட்டுக்கு என்ன சத்து ஏறும்? ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு என்ற நம்பிக்கையால்தான், நிஜமாகவே வறண்ட மாட்டுக்கும் இரண்டு பாட்டிலோடு நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் என் ஆற்றாமை.

20, திங்கள்

ராசிபுரத்து மாடு வைக்கோல் தின்கிறது, அசைபோடுகிறது. பால் பாதிக்கும் குறைவு. போகப் போகத்தான் ஏறும். அமிலம் குளம்பையும் விடாது. குளம்பு சூடாகவோ நடை நொண்டலாகவோ தெரிந்தால் அன்றைக்கே கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா வாசல்வரை வந்து, "அடுத்த வருசம் ஒரு உருண்டை மட்டும் வைக்கலாமாங்க?" என்று கேட்டார். வைக்கலாம் என்றேன்.