ஸ்கேன் நார்மல், பையன்தான் பழைய பையன் இல்லை

பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்த என் பெரிய பையன் ஸ்பீடு பிரேக்கரில் தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு நாலு நாள் ஐசியுவில் கிடந்தான். அப்போது 11 வயது. மூன்று மாதத்தில் பள்ளிக்கூடம் போய்விட்டான், ஸ்கேன் நார்மல், கணக்கில் மார்க்கூடக் குறையவில்லை. கடவுள் புண்ணியம் என்றார்கள். ஆனால் தம்பி பென்சிலை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும், அஞ்சு நிமிஷத்தில் எதுவும் நடக்காத மாதிரி "அம்மா, இன்னொரு தோசை" என்பான்.

ரிவ்யூவில் இதைச் சொன்னதும் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். ஐக்யூ டெஸ்ட் சராசரி என்று வந்தது, அதை விடுங்கள். எங்களை யோசிக்க வைத்தது எஸ்டிக்யூ என்ற படிவம்தான், பிள்ளைகளின் நடத்தை, மனநிலை, பழகும் விதம் பற்றிக் கேட்பது. 25 கேள்வி, தமிழிலேயே கிடைக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம். கடந்த ஆறு மாதத்தை வைத்துச் சொல்லச் சொல்கிறது. அடிபட்டே நாலரை மாதம்தானே, எந்தப் பையனைப் பற்றிச் சொல்வது? கேட்டேவிட்டேன். மேடம் இன்னொரு படிவம் தந்து, அடிபடுவதற்கு முன்னால் இருந்தவனை நினைத்து இதை நிரப்புங்க, முதல் படிவத்தில் அடிபட்டதற்கப்புறம் பார்த்ததை மட்டும் போடுங்க என்றார்.

மதிப்பெண்ணைக் கூட்டினால் முன்னால் 7, இப்போது 19. மொத்தம் 40, கூடக் கூடச் சிக்கல் அதிகம், பெற்றோர் படிவத்தில் 17-லிருந்து கவனிக்க வேண்டியதாம். (அடுத்தவர் மேல் உள்ள அக்கறையைக் கேட்கும் அஞ்சு கேள்வி இந்த 40-ல் சேராது, அதைத் தனியாகப் பார்க்கிறார்கள்.)

வகுப்பு டீச்சர் போட்டதைக் கூட்டினால் 9! எனக்குக் கோபம்தான் வந்தது. அவனே நிரப்பியதில் 8. 11 வயதிலிருந்து பிள்ளைகளுக்கும் ஒரு படிவம் உண்டு. நல்ல நண்பன் ஒருத்தனாவது இருக்கிறானா என்ற இடத்தில் யோசிக்காமல் டிக் அடித்திருந்தான், அந்த நண்பன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து மூணு மாதமாகிறது. பொய் சொல்லவில்லை, தலையில் அடிபட்ட பிள்ளைகள் சிலருக்குத் தங்களிடம் வந்த மாற்றம் தங்களுக்கே பிடிபடாது என்றார் மேடம். டீச்சர் மேலும் தப்பில்லையாம். வகுப்பில் அடுத்து என்ன செய்யணும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், கிரவுண்டிலும் வீட்டிலும் அவனே எதிராளியின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், அங்கேதான் சறுக்குகிறான்.

இப்போது வாரம் ஒரு செஷன் போகிறோம். ஆறு மாதம் கழித்து மறுபடி படிவம் உண்டு. இந்த முறை ஒன்றை பி.டி. சாரிடமும் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கிரவுண்டில் அவனைப் பார்ப்பவர் அவர்தானே.