டிஎம் 500: பெட்டியைச் சோதிக்காமல் ப்ளக்-இன் செருகாதீர்கள்

அளவீட்டுக் கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனமான டெக்ட்ரானிக்ஸ் 1972-இல் கொண்டுவந்த டிஎம் 500 வரிசையில் பெட்டி வேறு, அதில் செருகும் கருவி (ப்ளக்-இன்) வேறு. டிஎம் 503-இல் மூன்று அறை, 504-இல் நான்கு, 506-இல் ஆறு. மல்டிமீட்டர், கவுண்டர், ஃபங்ஷன் ஜெனரேட்டர், பவர் சப்ளை என வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம். பழைய பெட்டி கைக்கு வந்ததும், உடனே ஒரு ப்ளக்-இன்னைப் போட்டு சுவிட்சைத் தட்டிப் பார்க்கத்தான் மனம் வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதன் பவர் சப்ளை பாதி பெட்டியில் இருக்கிறது, பாதி ப்ளக்-இன்னில் இருக்கிறது. பெட்டி தருவது ரெகுலேட் ஆகாத (நிலைப்படுத்தாத) +33.5, −33.5, +11.5 வோல்ட் டிசி. அதோடு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அறைக்கு இரண்டு 25 வோல்ட் ஏசி சுருளும் ஒரு 17.5 வோல்ட் ஏசி சுருளும் உண்டு. முக்கியமானது அடுத்தது: ஒவ்வொரு அறைக்கும் ஒரு என்பிஎன், ஒரு பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர் பெட்டியிலேயே ஹீட்சிங்க்கில் பொருத்தப்பட்டிருக்கும். பல ப்ளக்-இன்கள் தங்கள் ரெகுலேட்டருக்கு இந்த டிரான்சிஸ்டரைத்தான் பயன்படுத்துகின்றன. அது கலெக்டர்–எமிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால், ரெகுலேட் ஆன குறைந்த வோல்ட் வர வேண்டிய லைனில் முப்பது வோல்ட்டுக்கு மேல் ஏறும். நல்ல ப்ளக்-இன்னில் உள்ள ஐசிக்கள் ஒரே நொடியில் போய்விடும். எதிர்த்திசையிலும் இதே கதைதான்: ப்ளக்-இன்னில் ஷார்ட் இருந்தால் பெட்டியின் டிரான்சிஸ்டர் போகும். "இந்த அறையில் ஓடவில்லை, பக்கத்து அறையில் போட்டுப் பார்க்கலாம்" என்று மாற்றினால் அங்கிருப்பதும் போகலாம்.

ஆகவே முதலில் காலிப் பெட்டி. வயரைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சார்ஜை 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120 வோல்ட்டுக்கு அமைத்திருக்கக்கூடும். உள்ளே லைன் வோல்டேஜ் ஜம்பர் (எத்தனை வோல்ட் என்று தேர்வு செய்யும் இணைப்பு) எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 240-க்கு மாற்றினால் ஃப்யூஸின் ஆம்பியரும் பாதியாக வேண்டும். பழைய ஃப்யூஸையே விட்டுவைத்தால், கோளாறு வரும்போது அது காப்பாற்றாது.

அடுத்தது டிரான்சிஸ்டர். எதையும் கழற்ற வேண்டாம். ப்ளக்-இன் இல்லாதபோது பேஸ், கலெக்டர், எமிட்டர் மூன்றும் அறையின் கனெக்டர் பின்களிலேயே கிடைக்கும். எந்தப் பின் எது என்பது மேனுவலின் சர்க்யூட் படத்தில் இருக்கிறது. மல்டிமீட்டரின் டையோடு நிலையில் பேஸிலிருந்து மற்ற இரண்டுக்கும் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்ட வேண்டும். கலெக்டர்–எமிட்டர் இடையே இரு திசையிலும் திறந்த சர்க்யூட்டாக இருக்க வேண்டும். புதிது மாற்றினால் மைக்காவையும் (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) ஹீட்சிங்க் பேஸ்ட்டையும் சரியாக வைத்து, உலோகப் பகுதிக்கும் சேஸிக்கும் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். மைக்காவின் ஓரத்தில் ஒரு சின்ன உலோகத் துகள் சிக்கினாலே போதும், கலெக்டர் சேஸியைத் தொட்டுவிடும்.

பிறகு பெட்டிக்கு வரும் மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துவிட்டு ரெக்டிஃபையரையும் கெப்பாசிட்டரையும் தேடுங்கள். மங்கிய பிறகு பல்பை எடுத்துவிட்டு வோல்ட் அளக்கலாம். சுமை இல்லாததால் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

சுமை இல்லாமல் எடுத்த அளவை நம்பி கெப்பாசிட்டருக்கு நற்சான்று கொடுக்க முடியாது. 33.5 வோல்ட் லைனில் 100 ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரைப் போடுங்கள். சுமார் 0.33 ஆம்பியர் ஓடும், 11 வாட் சூடாகும், கையை வைக்காதீர்கள். ஸ்கோப்பில் ஏசி கப்ளிங் வைத்து ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) பாருங்கள். கணக்கு எளிது: கரண்டை நேரத்தால் பெருக்கி, கொள்ளளவால் வகுத்தால் ரிப்பிள். நம் 50 ஹெர்ட்ஸில் நேரம் 10 மில்லி செகண்ட். எனவே கெப்பாசிட்டரில் 5000 மைக்ரோஃபாரட் உயிரோடு இருந்தால் ரிப்பிள் 0.7 வோல்ட்டைத் தாண்டாது. 3 வோல்ட் வந்தால் கொள்ளளவு ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். மாற்றும்போது ஒன்று கவனியுங்கள்: பழையது மூன்று நான்கு கால் வைத்ததாக இருந்தால், கூடுதல் கால்கள் போர்டின் இரண்டு கிரவுண்ட் தடங்களை இணைக்கும் பாலமாகவும் இருக்கலாம். இரண்டு கால் கெப்பாசிட்டரைப் போட்டதும் அந்தப் பாலம் அறுந்துபோகும். ஒரு துண்டு வயர் போட வேண்டிவரும்.

ப்ளக்-இன் பக்கம் பெரும்பாலும் குற்றவாளி, நீர்த்துளி வடிவ டான்டலம் கெப்பாசிட்டர். எச்சரிக்கை இல்லாமல் ஷார்ட் ஆகும் சுபாவம் அதற்கு. எனவே செருகுமுன் ஒவ்வொரு லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்துவிடுங்கள். ஓரிரு ஓம் காட்டினால், பெஞ்ச் சப்ளையை 0.5 வோல்ட், 0.5 ஆம்பியருக்கு அடக்கி அந்த லைனில் கொடுங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து தடத்தின் வழியே நகர்த்துங்கள். எந்த கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் மில்லிவோல்ட் மிகக் குறைவாக இருக்கிறதோ, அதைக் கழற்றிப் பாருங்கள். 15 வோல்ட் லைனுக்கு 35 வோல்ட் டான்டலம் போடலாம். சாதாரண எலக்ட்ரோலைட்டிக் என்றால் 25 வோல்ட். டான்டலத்தில் குறியிட்டிருப்பது பிளஸ் கால், எலக்ட்ரோலைட்டிக்கில் கோடு போட்டிருப்பது மைனஸ் கால். தலைகீழாகப் போட்டு வெடிப்பது இந்த இடத்தில்தான்.

செருகும் விளிம்பின் தங்கப் பூச்சு மெல்லியது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். எமரி பேப்பர் கூடவே கூடாது. கனெக்டரில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கீயைப் பிடுங்கி எறியாதீர்கள், பொருந்தாத வகை ப்ளக்-இன் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான்.

பிஎஸ் 503ஏ பவர் சப்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சாதாரண அறையில் அது 400 மில்லி ஆம்பியர்தான் தரும். 1 ஆம்பியர் வேண்டுமென்றால் 504, 506 போன்றவற்றின் வலது ஓர அறையில், அதாவது ஹை பவர் அறையில் செருக வேண்டும். இது தெரியாமல் ரெகுலேட்டரைப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த ப்ளக்-இன்னையும் செருகுவதும் உருவுவதும் சுவிட்சை அணைத்த பிறகுதான்.