பேரிங் உள்ளே போகாத 40 வளையங்கள்

கோவை கணபதியில் எங்களுடையது சின்னப் பட்டறை. கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி லேத் ஒன்று, விஎம்சி என்கிற மில்லிங் மெஷின் ஒன்று, அப்பா காலத்துச் சாதா லேத் ஒன்று, ஆள் நாலு பேர். ஜாப் ஒர்க்தான், அடுத்தவர் டிராயிங்குக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பது. போன வருஷம் ஒரு மெஷின் கம்பெனியிலிருந்து வளைய ஆர்டர் ஒன்று வந்தது. டிராயிங்கைப் பார்த்ததும் "இதென்ன, அரை மணி நேரத்தில் செட்டிங் போட்டுவிடலாம்" என்று சொன்னவன் நான்தான். முடிய மூன்று வாரம் ஆனது.

மெட்டீரியல் இஎன்8 ஸ்டீல். வெளி விட்டம் 136, போர் (உள் துளை) 120, நீளம் 40 மில்லி. சுவர் கனம் 8 மில்லிதான் வரும். உள்ளே 6213 பேரிங் உட்காரவேண்டும், கையால் தள்ளினால் போகவேண்டும். போருக்கு எச்7 என்ற அளவு வரம்பு கேட்டிருந்தார்கள். 120.000-க்கும் 120.035-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் சரி. 35 மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் 35 பங்கு) என்பது எங்கள் லேத்துக்குப் பெரிய விஷயமே இல்லை.

முதல் லாட் 40 பீஸ். லேத்தில் ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் பாகம் சக், அதில் பிடிக்கும் தாடைதான் ஜா. வழக்கமான சாப்ட் ஜா (வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளக்கூடியது) மாட்டி, ஹைட்ராலிக் சக்கை 12 கிலோ பிரஷரில் வைத்து ஓட்டினோம். ஒவ்வொரு பீஸையும் போர் டயல் (துளையின் விட்டம் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தோம். 120.015, 120.018, 120.020. நேராக, குறுக்காக, சாய்வாக எப்படி வைத்தாலும் முள் பத்து மைக்ரானுக்கு மேல் ஆடவில்லை. எண்ணெய் தடவி, பேப்பர் சுற்றி, டிசி (டெலிவரி சலான்) போட்டு அனுப்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் மொத்தமும் திரும்பி வந்தது. "பேரிங் போகவில்லை" என்று டிசியின் பின்பக்கம் எழுதியிருந்தார்கள்.

நான் நம்பவில்லை. புது 6213 ஒன்று வாங்கிவந்து நானே வைத்துப் பார்த்தேன். வாயில் உட்கார்ந்தது, உள்ளே இறங்கவில்லை. சுத்தியலால் தட்டினால்தான் போகும்போலிருந்தது. திரும்ப போர் டயல் விட்டேன். 120.018. பேரிங்கின் வெளி விட்டத்தை மைக்ரோமீட்டரில் பார்த்தேன். 120-க்குக் கீழேதான் இருந்தது. துளை பெரிது, பேரிங் சிறிது, ஆனால் போகாது.

முதலில் சூட்டின்மேல் பழி போட்டேன். 120 மில்லி இரும்பு பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 14 மைக்ரான் விரியும். சூடாக அளந்துவிட்டோமோ என்று செட்டர் தம்பியைத் திட்டினேன். பாவம் அவன். ராத்திரி முழுக்கக் கிடந்து ஆறிய பீஸும் காலையில் அதே கணக்கைத்தான் காட்டியது.

அப்பாவோடு வேலை பார்த்த டர்னர் ஒருவர் இருக்கிறார். மில் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர், இப்போது சாயங்காலம் டீ குடிக்க மட்டும் பட்டறைப் பக்கம் வருவார். வளையத்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, சக்குல ஜா எத்தன?"

"மூணுங்க."

"போர் டயல் எத்தன எடத்துல தொடுது?"

"ரெண்டுங்க. எதிரும் புதிருமா."

"அப்பறம் எப்படிங் தம்பி தெரியும்?"

இவ்வளவுதான் சொன்னார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் புரிய இன்னொரு டீ ஆனது.

மூன்று ஜாவும் இறுக்கும்போது மெல்லிய வளையம் பிடித்த மூன்று இடத்தில் உள்ளே அமுங்குகிறது, இடையிலுள்ள மூன்று இடத்தில் வெளியே பிதுங்குகிறது. அந்தக் கோணலான நிலையில் டூல் உள்ளே போய் அழகான வட்டத்தை வெட்டிவிடுகிறது. சக்கைத் தளர்த்தியதும் இரும்பு தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஜா பிடித்த இடம் வெளியே போகிறது, நடுவில் இருந்த இடம் உள்ளே வருகிறது. கையில் கிடைப்பது மூன்று மூலை கொண்ட 'வட்டம்'.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. மூன்று மூலை என்பதால், உள்ளே தள்ளிய ஒரு மேட்டுக்கு நேர் எதிரே எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். இந்தப் பக்கம் 25 மைக்ரான் குறைந்தால் அந்தப் பக்கம் 25 மைக்ரான் கூடியிருக்கும். எதிரெதிராகத் தொடும் போர் டயலுக்குக் கூட்டுத்தொகை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். முட்டை மாதிரி ஓவலாக இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மூலையைக் காட்டாது. பேரிங்கோ முழு வட்டம். மூன்று மேடும் அதை ஒரே நேரத்தில் நெரிக்கின்றன.

மறுநாள் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு புது பீஸை 12 கிலோவில் பிடித்து போர் அடித்தோம், அதாவது துளையைக் குடைந்தோம். கழற்றும் முன்பு ஜா இருந்த இடங்களில் மார்க்கரால் கோடு போட்டு, சக்கிலேயே டயல் வைத்து ஸ்பிண்டிலை (சக் மாட்டியிருக்கும் சுழல் தண்டு) கையால் சுற்றினோம். முள் அசையவில்லை. பிறகு கழற்றி, பிரஷரை 4 கிலோவுக்கு இறக்கி லேசாகப் பிடித்து மறுபடியும் சுற்றினோம். ஒரு சுற்றுக்கு மூன்று முறை முள் ஏறி மூன்று முறை இறங்கியது. ஏற்ற இறக்கம் 50 மைக்ரான். கோடு போட்ட இடங்களில்தான் துளை அகன்றிருந்தது. செட்டர் தம்பி "அண்ணா, இத்தன நாளா நாம அனுப்புன மெல்லிசு ஜாப் எல்லாம் இப்படித்தானா?" என்று கேட்டான். கேட்காமலே இருந்திருக்கலாம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: பிரஷரைக் குறை. 12-லிருந்து 6 ஆக்கினேன். மூலை பாதியானது. இன்னும் குறைத்து ரஃபிங் வெட்டு (முதலில் நிறைய இரும்பை எடுக்கும் முரட்டு வெட்டு) கொடுத்தபோது வளையம் சக்குக்குள்ளேயே வழுக்கிச் சுற்றியது. இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) போச்சு, டூல் ஹோல்டரிலும் காயம். கதவு மூடியிருந்ததால் சத்தத்தோடு முடிந்தது. ரஃபிங்குக்கு முரட்டுப் பிடியே வேண்டும். கடைசி அளவுக்கு வெட்டும் ஃபினிஷிங்கில்தான் அந்தப் பிடி ஆகாது. இரண்டையும் ஒரே பிடியில் முடிக்க நினைத்தது என் பேராசை.

அடுத்துச் செய்தது, ஜாவை அகலமாக்குவது. மூன்று விரலால் பிடிப்பதற்குப் பதில் உள்ளங்கையால் அணைத்துப் பிடிக்கிற மாதிரி. பை ஜா என்பார்கள், மூன்றும் சேர்ந்தால் கிட்டத்தட்ட முழு வட்டம் வரும். விலைக்குக் கிடைக்கும், ஆனால் காத்திருக்க நேரமில்லை. பழைய சாப்ட் ஜா மூன்றின் தலையில் எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட் துண்டுகளை வெல்டிங் வைத்துக்கொண்டோம். வெல்டிங்கை மெஷினில் வைத்தே செய்யாதீர்கள். கரன்ட் ஸ்பிண்டில் பேரிங் வழியாகப் போனால் பேரிங் கெட்டுவிடும், கன்ட்ரோல் போர்டும் போகலாம். ஜாவைக் கழற்றி வெளியே வைத்துத்தான் செய்தோம். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று பஞ்ச் அடித்தோம். இடம் மாறினால் செய்த வேலை எல்லாம் வீண்.

அந்த ஜாவை போர் அடிப்பதில்தான் பாதி சூட்சுமம். ஜா எதையும் பிடிக்காமல் சும்மா நிற்கும்போது போர் அடித்தால், ஜாப்பைப் பிடிக்கும்போது ஜா கொஞ்சம் தூக்கிக்கொள்ளும், வெட்டிய அளவு நிற்காது. அதனால் அடிப்பக்கத்தில் ஒரு கெட்டித் தட்டைப் பிடிக்கவிட்டு, ஃபினிஷிங்குக்கு வைக்கப்போகும் அதே 5 கிலோ பிரஷரில், அதற்கு முன்னால் இருக்கும் பகுதியை வெட்டவேண்டும். அளவும் வளையத்தின் வெளி விட்டமேதான், 136. பெரிதாக வெட்டினால் ஜாவின் நடு மட்டும் தொடும், பழையபடி மூன்று புள்ளி. சிறிதாக வெட்டினால் இரண்டு ஓரமும் கடிக்கும். முதல் தடவை நான் 136.2 வெட்டி வைத்து அரை நாளைத் தொலைத்தேன்.

சரியாக வெட்டி மாட்டியும் மூலை 20 மைக்ரானுக்குக் கீழே இறங்கவில்லை. ஜாவை எவ்வளவு பார்த்தாலும் குறை தெரியவில்லை. கடைசியில்தான் வெளிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெளி விட்டத்தை நாங்கள் எப்படிக் கடைந்தோம்? உள்ளேயிருந்து மூன்று ஜாவால் விரித்துப் பிடித்து! அப்படியானால் வெளிப்பக்கமும் மூன்று மூலைதான். கோணலான ஒன்றை முழு வட்ட ஜாவுக்குள் வைத்தால் அது எங்கேயோ மூன்று இடத்தில்தானே தொடும்.

இதற்குத்தான் மேண்ட்ரல் செய்தோம். ரஃப் போருக்குள் தளர்வாக நுழையும் ஒரு தண்டு, அடியில் ஒரு தோள், முன்னால் கனமான வாஷர், நடுவில் ஒரு நட். நட்டை முடுக்கினால் வாஷர் வளையத்தைத் தோளோடு சேர்த்து நீளவாக்கில் அழுத்தும். சுவரைப் பக்கவாட்டில் யாரும் தொடுவதில்லை. மெல்லிய வளையம் ஆரவாக்கில்தான் வளைந்து கொடுக்கும். நீளவாக்கில் அழுத்தினால் தூண் மாதிரி நிற்கும். இரண்டு முகமும் இணையாக இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. முகம் கோணலென்றால் நட் முடுக்கும்போதே வளையம் முறுக்கிக்கொள்ளும்.

கடைசியில் வரிசை இப்படி நின்றது. 12 கிலோவில் முரட்டுத்தனமாகப் பிடித்து ரஃபிங், போரில் விட்டத்துக்கு 1 மில்லி மீதி. இரண்டு முகமும் ஃபேஸிங் (முகத்தைச் சமமாக வெட்டுவது). மேண்ட்ரலில் மாட்டி வெளி விட்டம். பிறகு ஆறவிடுவது. மறுநாள் பை ஜாவில் 5 கிலோ பிடியில் 550 ஆர்பிஎம்மில் இரண்டு வெட்டு, கடைசி வெட்டு விட்டத்துக்கு 0.3. ஆர்பிஎம்மைக் கூட்ட எனக்கு ஆசைதான். ஆனால் வெல்டிங் வைத்த ஜா கனம், வேகமாகச் சுற்றினால் அது வெளியே இழுத்துக்கொண்டு பிடியை விடும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நாலு மடங்காகும். 5 கிலோ பிடியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

முதல் பீஸைக் கழற்றி லேசாகப் பிடித்து டயல் சுற்றினோம். 8 மைக்ரான். பேரிங்கை வைத்துக் கட்டைவிரலால் தள்ளினேன். சத்தமில்லாமல் இறங்கியது. சாயங்காலம் டர்னர் வந்தபோது காட்டினேன். பேரிங்கை உள்ளே தள்ளி, வெளியே எடுத்து, திரும்பத் தள்ளிப் பார்த்தார். "வாஷர் கனம் பத்தாதுங் தம்பி" என்றார். அதையும் மாற்றினோம்.

பழைய 40 பீஸைக் காப்பாற்ற வழியில்லை. துளை ஏற்கெனவே சில இடங்களில் 35 மைக்ரானைத் தாண்டிப் போயிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கிலோ எடை, பழைய இரும்புக் கடையில் 40 கிலோவாகப் போட்டோம். மெட்டீரியல் அவர்களுடையது, அதனால் அந்தப் பணம் என் லேபரில் கழிந்தது. புது லாட்டை அனுப்பும்போது ஜா, மேண்ட்ரல் செலவை பில்லில் தனி வரியாகப் போட்டுவைத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு மீதிக்கு செக் கொடுத்தார்கள்.